கருவி வந்துவிட்டது, திட்டம் எங்கே?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்து சேர்ந்த கருவிகளின் பட்டியல் நீளமானது. 2011இல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு, 2019இல் கல்வித் தொலைக்காட்சி, அதையொட்டி 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், 2023இல் மணற்கேணி செயலி. அடுத்து நடுநிலைப் பள்ளிகளுக்கும் லேப், தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியர் கையில் டேப்லெட். தனியார் பள்ளிகளின் சேர்க்கை நோட்டீசிலும் ஸ்மார்ட் போர்டுக்குத்தான் முதல் வரிசையில் இடம்.

கருவியை அரசு தரலாம், நிர்வாகம் வாங்கலாம், முன்னாள் மாணவர்கள் நன்கொடையாகக் கொடுக்கலாம். அதை எந்த வகுப்பில், எந்தப் பாடத்துக்கு, யார், எதற்காகப் பயன்படுத்துவது என்பதை அந்தந்தப் பள்ளிதான் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுகளை எழுத்தில் வைப்பதுதான் பள்ளி முழுமைக்குமான தொழில்நுட்பத் திட்டம். தலைமையாசிரியருக்கும், பாடம் எடுக்கும் ஆசிரியருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோருக்கும் ஒரே மாதிரி புரியும்படி அதை எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பள்ளி முழுமைக்கும் என்று ஏன் அழுத்திச் சொல்ல வேண்டும்? எல்லாப் பள்ளியிலும் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் இருப்பார். சொந்தப் பணத்தில் ஸ்பீக்கர் வாங்கியிருப்பார், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வீடியோ தயாரித்திருப்பார், அவர் வகுப்புப் பிள்ளைகள் லேபுக்கு ஓடி வருவார்கள். பொது மாறுதல் கலந்தாய்வில் அவருக்கு வேறு ஊர் கிடைத்ததும் அத்தனையும் அவரோடு போய்விடும். அடுத்த ஜூன் மாதம் லேபின் சாவி எங்கே என்று தேடும் நிலைமை வரும். ஒருவரின் ஆர்வத்தைப் பள்ளியின் வழக்கமாக மாற்றுவதற்குத்தான் திட்டம் வேண்டும்.

பெரு கண்டதும் டெல்லி கண்டதும்

திட்டத்தை எங்கே தொடங்கக் கூடாது என்பதற்குத் தென் அமெரிக்க நாடான பெரு நல்ல சாட்சி. ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற உலக இயக்கத்தில் சேர்ந்து, 2008 முதல் அந்த நாடு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறிய மடிக்கணினிகளை வாங்கியது. மலைக் கிராமத்துப் பள்ளிகள் வரை அவை போய்ச் சேர்ந்தன. இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கணினி பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் ஒப்பிட்டார்கள். 2012இல் முடிவு வெளிவந்தது. கணினிப் பயன்பாடு பெருகியிருந்தது. ஆனால் கணிதத்திலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண் கூடியதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை. வகுப்பில் பாடம் நடந்த விதமும் பெரிதாக மாறியிருக்கவில்லை.

டெல்லியில் இதற்கு நேர்மாறான அனுபவம் கிடைத்தது. கார்த்திக் முரளீதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியான் ஆகிய மூவரும், அரசு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் போய்ப் படிக்கும் சில மையங்களை ஆராய்ந்தார்கள். அங்கே மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளில் ஒரு பகுதி நேரம், சிறு குழுவாக ஆசிரியரோடு ஒரு பகுதி நேரம். குலுக்கல் முறையில் இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். 2019இல் ஆய்வு வெளியானது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? அந்த ஆய்வின் முதல் கண்டுபிடிப்பிலேயே விடை இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது அந்த இடைவெளி நாலரை வகுப்பாக அகன்றிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை நடத்தி முடிக்க வேண்டிய ஆசிரியரால், ஐந்தாம் வகுப்புக் கணக்கில் நிற்கும் பிள்ளைக்கும் ஏழாம் வகுப்புக் கணக்கில் நிற்கும் பிள்ளைக்கும் ஒரே பாடவேளையில் சொல்லித்தர முடியாது. மென்பொருளோ ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் படியைக் கண்டுபிடித்து அங்கிருந்து கேள்வி கேட்டது. குறிப்பிட்ட ஒரு சிக்கல், அந்தச் சிக்கலுக்கென்றே ஒரு கருவி, பக்கத்தில் ஆசிரியர் ஒருவர். பெருவில் கருவி முதலில் வந்தது. சிக்கல் எது என்று கேட்டவர் யாரும் இருக்கவில்லை.

ஆகவே உங்கள் பள்ளியின் திட்டத்தில் முதல் பக்கத்தில் கருவிகளின் பெயர் வரக் கூடாது. பிள்ளைகள் இடறும் இடங்களின் பெயர் வர வேண்டும்.

முதல் பக்கத்தில் எழுத வேண்டியது

இடறும் இடம் எது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல், எட்டாம் வகுப்பிலும் தடையில்லாமல் வாசிக்க வராத ஆங்கிலப் பத்தி, ஒன்பதாம் வகுப்பில் வரைபடம் பார்த்துப் பதில் சொல்லும் கேள்வி என்று ஆசிரியர் அறையில் கேட்டாலே பட்டியல் வந்துவிடும். தொடக்க வகுப்புகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பழகியிருக்கிறோம். அந்தப் பார்வை மேல் வகுப்புகளுக்கும் பொருந்தும்.

பட்டியலில் இருந்து முதல் ஆண்டுக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று சிக்கல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு வாக்கியமாக எழுதுங்கள். மாணவர்களின் இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன்களை மேம்படுத்துதல் என்று எழுதினால் அதைச் சரிபார்க்க யாராலும் முடியாது. மார்ச் மாதத்துக்குள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பகுதி எண் வேறாக உள்ள இரண்டு பின்னங்களைக் கூட்ட வேண்டும் என்று எழுதினால், பத்துக் கணக்கு கொடுத்து ஒரே மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

அதன்பிறகு, ஒவ்வொரு சிக்கலுக்கும் நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதற்குத் தொழில்நுட்பம் வேண்டுமா? பூவின் பாகங்களைச் சொல்லித்தரத் திரை தேவையில்லை. பள்ளி வேலியோரம் பூத்திருக்கும் செம்பருத்தியைப் பறித்து, பிளேடால் நெடுக்காக வெட்டிப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தால், சூற்பையையும் மகரந்தத்தையும் விரலால் தொட்டுப் பார்க்கும். எவ்வளவு தெளிவான வீடியோவும் அதற்கு ஈடாகாது. கையெழுத்துப் பழகுவதற்கும், வாய்விட்டுச் செய்யுள் சொல்வதற்கும், சேர்ந்து பேசித் தீர்க்கும் கணக்குக்கும் அப்படித்தான்.

நிலவின் பிறைகள் அப்படியல்ல. அதை வகுப்பு நேரத்தில் வானத்தில் காட்ட முடியாது. மாதம் முழுக்க நடக்கும் நிகழ்வு அது. பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை தேய்கிறது என்ற தவறான எண்ணம் பெரியவர்களிடம்கூட இருக்கிறது. இங்கே திரைக்கு உண்மையான வேலை இருக்கிறது. அந்தப் பாடவேளை எப்படி நடக்கலாம் என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

ஆசிரியர் முதலில் திரையைப் போடுவதில்லை. ஜன்னலை மூடி ஒரு பல்பை ஏற்றுகிறார். பிள்ளைகள் குச்சியில் செருகிய வெள்ளைப் பந்தை நீட்டிப் பிடித்து, நின்ற இடத்திலேயே சுற்றுகிறார்கள். பந்தில் வெளிச்சம் பட்ட பகுதி தங்கள் கண்ணுக்கு ஒடுங்கியும் விரிந்தும் தெரிவதைப் பார்க்கிறார்கள். பார்த்ததை நோட்டில் வரைகிறார்கள். பிறகுதான் திரையில் அசைவுப்படம் ஓடுகிறது, அதுவும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இல்லை. நிலவு கால் சுற்று வந்ததும் ஆசிரியர் நிறுத்துகிறார். இப்போது பூமியில் இருந்து பார்த்தால் எப்படித் தெரியும், வரையுங்கள் என்கிறார். வரைந்து முடித்தபின் அடுத்த காட்சியைக் காட்டுகிறார். யாருடையது சரி, யாருடையது மாறிப்போனது, ஏன் என்று பேச்சு எழுகிறது. அசைவுப்படம் மூன்று முறை நிற்கிறது, மூன்று முறை பிள்ளைகள் வரைகிறார்கள். கடைசியில் ஆசிரியர் கேட்கும் ஒரே கேள்வி: பூமியின் நிழல் எங்கே விழுந்தது?

இதே அசைவுப்படத்தை நிறுத்தாமல் ஓட்டிவிட்டு, புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது சார் என்று நாற்பது குரல்கள் சேர்ந்து வரும். கருவியும் ஒன்றுதான், படமும் ஒன்றுதான். மாறியது எல்லாம் எங்கே நிறுத்துவது, நிறுத்தி என்ன கேட்பது என்ற ஆசிரியரின் முடிவு. திட்டத்தில் எழுத வேண்டியது இந்த முடிவுகளைத்தான். பாடக்குறிப்பில் வீடியோ காட்டப்படும் என்று மட்டும் எழுதி முடிப்பது போதாது. எந்த நொடியில் நிற்கும், பிள்ளைகள் அப்போது என்ன செய்வார்கள் என்று எழுதினால், அடுத்த ஆண்டு வேறு ஆசிரியர் வந்தாலும் அந்தப் பாடம் அதே பலத்தோடு நடக்கும்.

புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற இரண்டு கல்வியாளர்கள் 2006இல் இதைத்தான் ஒரு சட்டகமாகச் சொன்னார்கள். பாட அறிவு ஒன்று, அதைக் கற்பிக்கும் முறை பற்றிய அறிவு ஒன்று, கருவி பற்றிய அறிவு ஒன்று. மூன்றையும் தனித்தனியாக வைத்திருந்தால் பயனில்லை. மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் நல்ல பாடம் பிறக்கிறது. கருவி பற்றி மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு வகுப்பு மாறவில்லையே என்று வருந்துவது இந்தச் சந்திப்பை மறந்ததால் வருவது.

கால அட்டவணையில் ஒரு கணக்கு

தொழில்நுட்பத் திட்டங்கள் பெரும்பாலும் தோற்கும் இடம் கால அட்டவணை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை வகுப்புக்கு இரண்டு பிரிவு. மொத்தம் பத்துப் பிரிவுகள், பிரிவுக்கு நாற்பது பிள்ளைகள். லேபில் 20 கணினிகள். வாரத்துக்கு 40 பாடவேளைகள்.

நாற்பதில் நான்கைப் பராமரிப்புக்கும் ஆசிரியர் தயாரிப்புக்கும் ஒதுக்குங்கள். மீதி 36. பிரிவுக்கு மூன்று என்று கொடுத்தால் 30 போகும். எஞ்சிய ஆறு பாடவேளைகள் மெல்லக் கற்போருக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும். தேர்வு, விழா, விடுமுறை எல்லாம் கழித்து ஆண்டுக்கு முப்பது வாரம் வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பிரிவுக்கு 90 பாடவேளைகள் கிடைக்கும். ஒரு கணினிக்கு இருவர் என்பதால் ஒரு பிள்ளையின் கையில் மவுஸ் இருப்பது 45 பாடவேளைகள். பாடவேளைக்கு 40 நிமிடம் என்றால் 30 மணி நேரம்.

ஆண்டு முழுவதற்கும் முப்பதே மணி நேரம். இந்த எண்ணைத் தாளில் எழுதிப் பார்த்தால்தான் அந்த நேரம் எவ்வளவு அருமையானது என்பது உறைக்கும். அதைப் படம் வண்ணம் தீட்டுவதற்கும், பாடநூலில் உள்ள பத்தியை அப்படியே டைப் செய்வதற்கும் செலவழிக்க மனம் வராது. இருவரில் ஒருவர் கை வைத்திருக்கும்போது மற்றவர் என்ன செய்வார் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். ஒருவர் மவுஸைப் பிடிக்க, மற்றவர் நோட்டில் எழுதிக் காரணம் சொல்ல, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்வது எளிய வழி. இந்த ஏற்பாடு இல்லாத லேபில் வேகமான பிள்ளையே ஆண்டு முழுவதும் மவுஸைப் பிடித்திருக்கும். பல இடங்களில் அது ஆண் பிள்ளையாகவும் இருக்கும்.

ஆசிரியரின் நேரம்

ஆசிரியரைத் தயார்செய்யும் விஷயத்தில் நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கேரளம் 2001இல் ஐடி@ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2018இல்தான் 4,752 பள்ளிகளின் 45,000 வகுப்பறைகளை மடிக்கணினி, ப்ரொஜெக்டர், ஸ்பீக்கரோடு ஹைடெக் ஆக்கியது. இடையில் இருந்த பதினேழு ஆண்டுகளில் அவர்கள் செய்தவற்றைக் கவனிக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்களையே முதன்மைப் பயிற்றுநர்களாக வளர்த்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரை ஐடி ஒருங்கிணைப்பாளராக நியமித்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் ஐடியை ஒரு பாடமாக வைத்தார்கள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளை விட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, மலையாளத்தில் இயங்கும் வசதியைச் சேர்த்தார்கள். ப்ரொஜெக்டர் சுவரில் ஏறுவதற்கு முன்பே அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆசிரியர் கூட்டம் ஒன்று தயாராக இருந்தது. பின்னர் கைட் என்ற அமைப்பு லிட்டில் கைட்ஸ் என்ற பெயரில் மாணவர் குழுக்களையும் உருவாக்கியது. சிறு பழுது பார்ப்பதிலும் பள்ளி நிகழ்ச்சியைப் படம் பிடிப்பதிலும் பிள்ளைகளே கைகொடுக்கிறார்கள். கேரளத்தில் எல்லாமே சரியாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. வரிசை சரியாக இருந்தது என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஒரு பள்ளி அளவில் இந்த வரிசையை எப்படிக் கொண்டுவருவது? விற்ற நிறுவனம் நடத்தும் ஒரு நாள் பயிற்சி எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லித்தரும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. உண்மையான பயிற்சி பாடவாரியாக, பள்ளிக்குள்ளேயே, திரும்பத் திரும்ப நடப்பது. வாரத்தில் ஒரு பாடவேளை இரண்டு ஆசிரியர்களுக்கு ஒன்றாக ஓய்வு கிடைக்கும்படி அட்டவணை போட்டால், அவர்கள் அடுத்த வாரப் பாடத்தைச் சேர்ந்து தயாரிக்கலாம். மாதம் ஒரு முறை ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். முப்பது ஆண்டு அனுபவமுள்ள கணித ஆசிரியை பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று துல்லியமாகச் சொல்வார். அவருக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் தெரியாமல் இருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஜியோஜீப்ரா தெரியும், தடுமாறும் இடம் தெரியாது. இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைப்பதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன். மூத்த ஆசிரியர்களைக் கணினி தெரியாதவர் என்று ஓரம் கட்டும் பள்ளி, தன்னிடம் உள்ள பெரிய செல்வத்தைத் தானே விரயம் செய்கிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் ஆசிரியர்கள் பலருக்குத் தொழில்நுட்பம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தின் பதிவேற்றம்தான். வருகைப் பதிவு, நலத்திட்ட விவரம், தேர்வு விவரம் என்று செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, சிக்னல் தேடும் வேலை. அது நிர்வாகத்துக்குத் தேவையாக இருக்கலாம். கற்பித்தலில் அதைச் சேர்க்க முடியாது. பதிவேற்ற வேலையை யார், எப்போது செய்வது என்பதைத் திட்டத்தில் தனியாகப் பிரித்து எழுதிவிட்டால், கற்பித்தலுக்கு என்று ஒதுக்கிய நேரத்தை அது தின்னாமல் இருக்கும். புதிதாக ஒரு வேலையைச் சேர்க்கும்போது எந்தப் பழைய வேலையை எடுக்கிறோம் என்று தலைமையாசிரியர் சொல்ல வேண்டும். எதையும் எடுக்காமல் சேர்த்துக்கொண்டே போகும் திட்டம் தீபாவளி விடுமுறையைத் தாண்டாது.

மின்சாரம், எலி, பேட்டரி

வாங்கும் விலை செலவின் ஒரு பகுதி மட்டுமே. யுபிஎஸ் பேட்டரி சில ஆண்டுகளில் கைவிடும். ப்ரொஜெக்டர் விளக்குக்கு ஆயுள் உண்டு, அதன் வடிகட்டியில் சாக்பீஸ் தூள் அடைந்தால் சூடேறி அணைந்துபோகும். எர்த்திங் சரியாக இல்லாத கட்டடத்தில் வடகிழக்குப் பருவமழைக் கால இடி ஒன்று பல கணினிகளைச் செயலிழக்கச் செய்யும். மே மாதம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் அறையில் எலி கேபிளைக் கடித்துவைக்கும். இவை எல்லாம் எதிர்பாராத விபத்துகள் அல்ல, எல்லாப் பள்ளியிலும் நடப்பவை. ஆகவே இவற்றுக்குப் பணமும் ஆளும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கையாவது ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு வழியில்லை என்றால் குறைவாக வாங்குவதே மேல்.

இருப்புப் பதிவேட்டில் கருவியின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் போதாது. வாங்கிய தேதி, உத்தரவாதம் முடியும் தேதி, பழுதானால் அழைக்க வேண்டிய எண், கடைசியாகப் பழுதானது எப்போது, எத்தனை நாளில் சரியானது என்ற நிரல்களும் வேண்டும். பழுது நோட்டு என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றை லேபின் வாசலில் கட்டித் தொங்கவிட்டாலும் போதும். எந்தக் கருவி அடிக்கடி படுக்கிறது என்பதை அது ஓர் ஆண்டில் காட்டிக்கொடுக்கும், அடுத்த முறை எதை வாங்கக் கூடாது என்பதற்கு ஆதாரமாகவும் இருக்கும்.

இணையத்தை நம்பிப் பாடம் தயாரிப்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். இணையம் இருந்தால் ஒரு விதம், இல்லாவிட்டால் முன்பே இறக்கி வைத்ததைக் கொண்டு ஒரு விதம், மின்சாரமே இல்லாவிட்டால் கரும்பலகையில் ஒரு விதம் என்று மூன்றையும் பாடக்குறிப்பில் ஒவ்வொரு வரியாக எழுதிவைத்தால் பாடவேளை வீணாகாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற அறிவியல் சோதனைப் பயிற்சிகள் இலவசம். பலவற்றை இறக்கி வைத்து இணையம் இல்லாமலே இயக்கலாம், சில தமிழிலும் உள்ளன. கணிதத்துக்கு ஜியோஜீப்ராவும் அப்படியே. கோலிப்ரி என்ற கட்டற்ற மென்பொருள் முழுப் பாடத் தொகுப்பையும் ஒரு கணினியில் சேமித்து, லேபின் மற்றக் கணினிகளுக்கு இணையம் இன்றியே பகிரும்.

யார் விடுபடுகிறார்கள்?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது நாம் ஒன்றைக் கண்ணெதிரே பார்த்தோம். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு வேலைக்குப் போனது. இரண்டு பிள்ளைகள் இருந்த வீட்டில் யாருக்கு முதலில் என்ற சண்டை வந்தது. அந்த இடைவெளியை நிரப்ப 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்களைத் தெருவுக்கே அனுப்ப வேண்டி வந்தது. அந்தப் பாடத்தை மறக்கக் கூடாது. போன் இருந்தால்தான் செய்ய முடியும் என்ற வீட்டுப்பாடத்தை யாரும் கொடுக்கக் கூடாது என்று திட்டத்தில் ஒரு விதியாகவே எழுதுங்கள். கருவி வேண்டிய பயிற்சியைப் பள்ளிக்குள், பள்ளி நேரத்தில் அல்லது லேபைத் திறந்துவைக்கும் மாலை ஒரு மணி நேரத்தில் கொடுங்கள்.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு இந்தக் கருவிகள் செய்யக்கூடிய நன்மை மற்ற எவருக்கும் செய்வதைவிடப் பெரிது. பார்வைத்திறன் குறைந்த பிள்ளைக்கு என்விடிஏ என்ற திரை வாசிப்பான் கணினித் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும். அது இலவசம், தமிழையும் வாசிக்கும். ஒரு ஹெட்போன் இருந்தால், புத்தகத்தை யாராவது படித்துக் காட்டும்வரை காத்திருந்த பிள்ளை தானே படிக்கத் தொடங்கும். லேபில் ஒரு கணினியிலாவது அது நிறுவப்பட்டிருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கலாம். நல்ல திட்டமா என்பதை அறிய நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

பிள்ளைகளின் விவரங்களைக் காப்பதும் திட்டத்தின் பகுதி. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு என்றாலும், இலவசம் என்று வரும் ஒவ்வொரு செயலிக்கும் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, படம், பெற்றோர் எண் எல்லாவற்றையும் கொடுத்துவிடும் பழக்கத்தை நிறுத்தியாக வேண்டும். பள்ளியில் எந்தச் செயலி பயன்படும் என்பதைத் தலைமையாசிரியர் ஒப்புதலோடு ஒரு பட்டியலாக வைத்து, அதில் இல்லாததை யாரும் தனியாகச் சேர்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் குறைந்த பிள்ளைகளின் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது சட்டத்துக்கு முன்பே மனிதத்தன்மைக்கு எதிரானது.

திருப்பிப் பார்ப்பது

யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, தொழில்நுட்பம் ஆசிரியரோடு பழகிக் கற்பதற்குத் துணையாக இருக்க வேண்டும், அதற்கு மாற்றாக வரக் கூடாது என்று வலியுறுத்தியது. அதே ஆண்டு, டிஜிட்டல் கல்வியில் வேகமாகப் போன ஸ்வீடன் அச்சுப் புத்தகங்களுக்கும் கையெழுத்துக்கும் மறுபடி அழுத்தம் கொடுக்க முடிவு செய்தது. செய்ததைத் திருப்பிப் பார்த்து மாற்றிக்கொள்ளும் துணிவு ஒரு நாட்டுக்கு வேண்டும் என்றால் ஒரு பள்ளிக்கும் வேண்டும்.

பருவத்துக்கு ஒரு முறை உட்காருங்கள். லேப் எத்தனை மணி நேரம் திறந்திருந்தது, எத்தனை வீடியோ காட்டினோம் என்ற எண்கள் மேலதிகாரிக்கு அனுப்ப உதவும். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது முதல் பக்கத்தில் எழுதிய வாக்கியத்தை. பின்னம் கூட்ட வந்ததா? ஜூனில் பத்துக் கணக்கு கொடுத்தீர்கள், அக்டோபரிலும் அதே போன்ற பத்துக் கணக்கு கொடுத்துப் பாருங்கள். திரையோடு படித்த பிரிவும் திரையில்லாமல் படித்த பிரிவும் ஒரே அளவில் முன்னேறியிருந்தால், திரையை அந்தப் பாடத்தில் இருந்து எடுத்துவிட்டு வேறு பாடத்துக்குக் கொடுங்கள். கருவியைப் பயன்படுத்தவில்லை என்ற குறை சொல்லப்படுமோ என்று அஞ்சி, பயன் தராததைத் தொடர வேண்டாம். ஆசிரியர்களிடமும் பிள்ளைகளிடமும் எது உதவியது, எது நேரத்தைத் தின்றது என்று பெயர் கேட்காமல் எழுதி வாங்குங்கள்.

இதற்கெல்லாம் புதிதாக ஓர் ஆவணம் தொடங்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 22ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்று சொல்கிறது. தொழில்நுட்பத் திட்டம் அதற்குள்ளேயே ஓர் அத்தியாயமாக இடம்பெறலாம். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் என்பதும் சட்டம்தான்.

நீங்கள் அந்தக் குழுவில் இருக்கும் பெற்றோர் என்றால், அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போகும்போது லேபின் பயன்பாட்டுப் பதிவேட்டையும் பழுது நோட்டையும் காட்டும்படி கேளுங்கள். குறை சொல்வதற்காகக் கேட்க வேண்டாம். ஆசிரியர்களுக்கு எது தடையாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கேளுங்கள். அப்படி நோட்டு எதுவும் இல்லை என்று பதில் வந்தால், ஒரு நோட்டை வாங்கிக்கொடுத்து அன்றே முதல் வரியை எழுதச் சொல்லுங்கள்.